நாற்பது புளியங்கொட்டையும் தெருக் கிணறும்

பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் காலரா மருந்து போடுவது சவரியின் வேலை. சிவப்புப் பொடியை வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீர் முழுக்க ரோஜா நிறம் வந்த பிறகே குடிக்க விட வேண்டும். ஆபீஸ் காகிதம் சொன்னது இவ்வளவுதான். எத்தனை நேரத்தில் நிறம் வரும் என்று அது சொல்லவில்லை. மற்றவர்கள் அதைக் கேட்கவில்லை. சவரி கேட்டார்.

1944 பங்குனியில் அவர் தெருவிலிருந்த சதுரக் கிணற்றின் முறை வந்தது. ஒரு மூலையில் மருந்தை ஊற்றினார். எதிர்மூலையில் நூல் கட்டிய கண்ணாடிச் சீசாவை இறக்கி எடுத்தார். நிறமே இல்லை. வீட்டுக்கு வந்து தரையில் முப்பத்தாறு கட்டம் கீறினார். அதுதான் கிணறு. மூலைக் கட்டத்தில் நாற்பது புளியங்கொட்டையைக் குவித்தார். அதுதான் மருந்து. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒற்றைத் தாயக்கட்டையை உருட்டினார். ஒன்று விழுந்தால் கிழக்கே ஒரு கட்டம், இரண்டுக்கு மேற்கே, மூன்றுக்கு வடக்கே, வெறும் பக்கத்துக்குத் தெற்கே. சுவர் தடுத்தால் கொட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். நாற்பதும் ஒரு சுற்று முடித்தால் கிணற்றில் இரண்டு மணி நேரம் என்று அவரே வைத்துக்கொண்டார். தவக்காலத்தில் தாயம் ஆடுகிறார் என்று பங்குச் சாமியாருக்குப் புகார் போயிற்று.

கொட்டைகள் எங்கும் பரவ மூன்று நாள் என்று வந்தது. சவரி கிணற்றை முள் போட்டு அடைத்தார்.

மறுநாள் காலை பெண்கள் குடத்தோடு ஓடைக்குக் கிளம்பினார்கள். அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்துத்தான் சவரியின் மனைவி லூர்தம்மாளின் தங்கை போன வாரம் செத்திருந்தாள். வீட்டில் ஐந்து வயது மகள் தாகத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"நானும் ஓடைக்குத்தான் போவணுமாங்க?"

"கணக்குப்படி கொட்டை இன்னும் எதிர்மூலைக்குப் போவலையே, லூர்து."

"கூழு கரைக்கறப்ப, அதுவா கலக்கட்டும்னு பாத்துட்டா இருக்கறோம்?"

அவளே முள்ளை இழுத்துப் போட்டாள். ஓடைக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டாள். நான்கு பக்கமும் பெண்கள் நின்று, குடங்களை அடிவரை இறக்கி, இழுத்து, எதிர்ப்பக்கமாக ஊற்றினார்கள். ஒரு சொட்டும் யாரும் குடிக்கவில்லை. வெயில் ஏறுமுன் சீசா எதிர்மூலையிலிருந்து ரோஜா நிறத்தில் வந்தது. மகள் இரண்டு சொம்பு குடித்தாள். சவரிக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் கொட்டைகளை மறுபடியும் மூலையில் குவித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அவற்றைக் கையால் அளையச் சொல்லி லூர்தம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் சுற்றிலேயே எதிர்மூலை வரை கொட்டை பரவிவிட்டது. கணக்கு சரியாக வந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

லூர்தம்மாள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இதை நேத்தே என்னைக் கேட்டிருக்கலாமேங்க," என்றாள்.