பூனையின் வால்

“மா, இந்தக் கார்ட்டூன் பூனை பூனையே இல்லையாம்லா! பொண்ணாம்!” கைப்பேசியைப் பார்த்தபடி மகள் கத்தினாள். பக்கத்தில் நெற்றிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த என் அப்பாவின் விரல் நின்றது.

அதே தைலம்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தெங்கேரா சூப்பர்மார்க்கெட் வாசலில் ஆளுயரப் பூனை ஒன்று பிள்ளைகளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது. தோழிகள் உசுப்பிவிட, வாலைப் பிடித்து இழுத்தேன். தடுமாறித் திரும்பிய பூனையின் வாய்த்துளை வழியே அந்த வாசம் வந்தது. லோரி ஓட்டும் வேலை போனபிறகும் அப்பா தினமும் எங்கே கிளம்புகிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

பூனை பேசக்கூடாது போலும். பஞ்சுக் கையைத் தூக்கி எனக்கும் ஆட்டியது.

“இன்னொருக்கா இழுலா! பயமா?” என்றாள் ஒருத்தி.

ஓடவும் முடியவில்லை, என் அப்பா என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெரிந்தேதான் மறுபடியும் இழுத்தேன்.

“தாத்தா, கேட்டீங்களா?” என்றாள் மகள்.

“கேட்டேன்மா” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.