ராமோனாவின் அரை பாயிண்ட்

ராமோனா பிக்ஸ்லர் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் விளங்கவில்லை. விளங்கிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் அவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற சிப்ஸ் ஆலையில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். வறுத்த கிழங்குச் சீவல் பெல்ட்டில் ஓடி வரும்போது கருகியதைப் பொறுக்கி எறிய வேண்டும், அவ்வளவுதான். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். கட்டின புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட அவள் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் புருஷனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதிர்ந்து பேசமாட்டாள். எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வாள். புது திரைச்சீலை வாங்கினால்கூட என்னைக் கேட்பாள், நான் சொல்கிற நிறத்தை வாங்குவாள், அப்புறம் அது எனக்கே பிடிக்காது. ஒரே ஒரு காரியத்தை மட்டும் யாரையும் கேட்காமல் செய்தாள். புருஷன் டுவேனுக்கு இரண்டு கிட்னியும் போனபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். “என்கிட்ட ரெண்டு இருந்துச்சு” என்றாள், அடுத்த வீட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தவள் மாதிரி.

மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டுவேன் தினமும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அது யானை விலை. ராமோனாவின் வேலையோடு வரும் காப்பீடுதான் அதைக் கட்டியது. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் மாத்திரை போகும். அதற்கப்புறம் என்ன போகும் என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஆலையில் வராவிட்டால் ஒரு பாயிண்ட், ஒரு நிமிஷம் பிந்தினாலும் அரை பாயிண்ட். எட்டு சேர்ந்தால் வேலை போச்சு. டுவேனை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததிலேயே ராமோனாவுக்கு ஏழரை சேர்ந்திருந்தது. ஏழரை! சனி பிடித்த மாதிரித்தான். எனக்கு வெறும் இரண்டு. என் வீட்டில் நோயாளி யாரும் இல்லை, என் புருஷன் எருமை மாதிரி இருந்தார்.

போன ஜனவரியில் அந்தப் பனிப்புயல் வந்தது.

எங்கள் ஓஹையோ மாநிலத்தில் பனி கொட்டினால் ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது மாவட்டத்திலும், அங்கங்கே போலீஸ் தலைவரான ஷெரிப் வைத்ததுதான் சட்டம். லெவல் ஒன்று என்றால் பார்த்துப் போ. இரண்டு என்றால் அவசியமானால் போ, வேலைக்குப் போகணுமா என்று முதலாளியைக் கேட்டுக்கொள். மூன்று என்றால் வண்டியை எடுத்தாலே கைது. அன்று விடியற்காலை நாலரைக்கு எங்கள் கவுண்டியில் லெவல் மூன்று. ஆற்றின் நடுவில் கவுண்டி மாறுகிறது. ஆலை இருக்கிற அந்தக் கரையில் லெவல் இரண்டு. மேகம் என்னவோ ஒரே மேகம்தான்.

ஆலை ஆலையின் கவுண்டியைத்தான் பார்க்கும். அங்கே மூன்று என்றால் வராதவர்களுக்குப் பாயிண்ட் கிடையாது. நாங்கள் எந்தக் கவுண்டியில் படுத்துத் தூங்குகிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஐந்து மணிக்கு முன்னாலேயே ராமோனா என் கதவைத் தட்டினாள். கையில் போன், முகம் வெளுத்துப்போய்.

“ஷெரிப் ஆபீசுக்குப் போன் பண்ணேன் கெயில். ‘லெவல் கேட்டு எங்களுக்குப் போன் பண்ணாதீங்க, உங்க முதலாளியக் கேளுங்க’ன்னு வச்சிட்டாங்க.”

“முதலாளியக் கேட்டியா?”

“டிராவிஸ் இருக்கான், பண்றேன்” என்று போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னாலேயே கூப்பிட்டாள். டிராவிஸ் எங்கள் சூப்பர்வைசர். முப்பது வயசுப் பையன், கெட்டவன் இல்லை, சுயபுத்திதான் கொஞ்சம் இரவல்.

“ராமோனா, இங்க லெவல் ரெண்டு. ஆலை நடக்குது. வரலன்னா ஒரு பாயிண்ட் விழும்.”

“எங்க பக்கம் மூணுப்பா. வண்டி எடுத்தா பிடிச்சு உள்ள வச்சிடுவாங்க.”

“அது உங்களுக்கும் ஷெரிபுக்கும் நடுவுல உள்ள விஷயம். நான் அதுல தலையிட முடியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏம்ப்பா, ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடுக்கற மாதிரி அத்தியாவசியம்னு ஒரு லெட்டராவது குடுக்கலாமில்ல? நாடே சிப்ஸ் தின்னுக்கிட்டு டிவில பாக்கற புட்பால் பைனலுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. சிப்ஸ் இல்லாட்டி நாடு அழிஞ்சிடாதா?”

“கெயிலா அது? நீங்களும் ஏழு மணிக்கு வந்துடுங்க” என்று வைத்துவிட்டான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதைதான். போனால் ஜெயில், போகாவிட்டால் வேலையில்லை. ராமோனா என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, “நீ சொல்லு கெயில். போகட்டுமா, வேண்டாமா?” என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே! “வண்டி எடுத்தாத்தானேடி குத்தம்? நடந்தே போவோம். மொத்தம் ரெண்டு மைல். எவன் கேக்கறான்னு பாத்துடலாம். நானும் வர்றேன், வா” என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். எழுதும்போதுகூட மறைத்துவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது.

டுவேன் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போகாத ராமோனா. என் வயித்துல இருக்கறது உன் சரக்கு. அதக் காப்பாத்தறேன்னு நீ போய்ப் பனியில விழுந்து கிடக்காத.”

“உள்ள போங்க, குளிரு. எட்டு மணி மாத்திரை மேஜையில இருக்கு.”

நடந்தோம். நடை என்றா சொல்வது? முழங்கால்வரை பனி, காற்று ஆளைப் பின்னால் தள்ளியது. இமையில் ஐஸ் கட்டி, கண்ணைத் திறந்தால் வலித்தது. ரோட்டோரத்தில் வீட்டுக்கு வீடு நட்டிருக்கிற தபால் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வழி கண்டுபிடித்தோம். பாதி வழியில் எனக்கு அழுகை வந்தது. அவள் திரும்பிப் பார்த்து, “யோசனை சொன்னவ முன்னால நடக்கணும்” என்றாள். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன். அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பினால் வீடு, சூடான காபி, ஒரு பாயிண்ட்.

ஆறரைக்குப் பாலத்தை எட்டினோம். குறுக்கே எங்கள் கவுண்டி ஷெரிபின் வண்டி, உச்சியில் விளக்கு சுற்றிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து டெபுடி, ஷெரிபின் கீழே வேலை பார்க்கிற இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர், இறங்கி ஓடிவந்தார்.

“மேடம், உங்களுக்கென்ன பைத்தியமா? லெவல் மூணு!”

“நாங்க வண்டில வரலையே” என்றேன். “கால்தான். இதுக்கு லைசென்சு கூடத் தேவையில்ல.”

அவர் திருதிருவென்று விழித்தார். நடக்கலாமா கூடாதா என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாதவர் “போங்க” என்று விட்டிருக்கலாம், அல்லது “திரும்புங்க” என்று விரட்டியிருக்கலாம். அவரோ நல்ல மனுஷர், முறையாகக் கேட்டுவிடுவோம் என்று எங்களை வண்டியில் ஏற்றி, ஹீட்டரைத் திருப்பிவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து காபியும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ரேடியோவில் ஆபீசைக் கேட்டார். ஆபீஸ் மேலே கேட்டது. ராமோனா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு முப்பத்தெட்டு. ஆறு நாற்பத்தைந்து.

“தம்பி, ஏழு மணிக்கு ஆலையில நான் அட்டை தேய்க்கணும். தயவுபண்ணி விட்டுடுங்க.”

“ஒரே நிமிஷம் மேடம். கேட்டுட்டேன், இனி பதில் வராம விட்டா என் தலைதான் உருளும்.”

ஆறு ஐம்பத்து மூன்றுக்குப் பதில் வந்தது. தடை வண்டிக்குத்தான், காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையாம். அவர் பாலத்தின் நடுவரை கொண்டுபோய் இறக்கிவிட்டார். அதற்கு மேல் அவருடைய கவுண்டி இல்லை. கடைசி அரை மைலை எங்களால் முடிந்தமட்டும் ஓடினோம். ஐம்பத்தெட்டு வயசில் அந்தப் பனியில் ஓடுவது என்றால் விழுந்து விழுந்து எழுவதுதான்.

ராமோனா வாசலில் அட்டையைத் தேய்த்தபோது மணி ஏழு இருபது. அடுத்து நான் தேய்த்தேன்.

உள்ளே பெல்ட் ஓடவில்லை. கிழங்கு லாரியே வரவில்லை. முந்தின ஷிப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் ஓய்வறையில் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழே முக்காலுக்கு அந்தக் கவுண்டியிலும் லெவல் மூன்று அறிவித்துவிட்டார்கள். டிராவிஸ் வீட்டிலிருந்து போன் பண்ணினான்.

“எல்லாரும் வீட்டுக்குப் போலாம். இன்னிக்கு வராதவங்க யாருக்கும் பாயிண்ட் இல்ல.”

“எப்படிப்பா போறது?” என்றேன். “இப்ப ரெண்டு கரையிலும் மூணு. பாலத்துல ஆளைத் தூக்கற காத்து.”

“சரி, அங்கதான் இருக்கப்போறீங்கன்னா, குழாய் உறைஞ்சிடாம எல்லாத்தையும் சொட்டுச் சொட்டா திறந்து விட்டுடறீங்களா?”

விட்டோம். ஆலை முழுக்க நடந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்துவைத்தது ராமோனாதான். மறுநாள் மத்தியானம் பனிவாரி வண்டி வழி திறக்கிறவரைக்கும் அங்கேயே கிடந்தோம். உடைந்த சிப்ஸைத் தின்றோம். இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

திங்கட்கிழமை டிராவிஸ் அவளைக் கூப்பிட்டான். நானும் அழைக்காத விருந்தாளியாக உள்ளே போய் நின்றேன். வராதவர்களுக்குப் பாயிண்ட் இல்லை, அது விதியில் இருக்கிறது. பிந்தி வந்தவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் அரை அரை போட்டுவிட்டது. எனக்கு அது கொசுக்கடி. அவளுக்கு எட்டு.

“வீட்ல தூங்கினவனுக்கு ஒண்ணுமில்ல, பனியில நடந்து வந்தவளுக்கு வேலையில்லையா?” என்று கத்தினேன். “உனக்கு மூளை கீளை இருக்காடா?”

“நான் போடல கெயில், அது தானா விழுது. மேல பேசிப் பாத்தேன். ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும்ங்கறாங்க.” அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

ராமோனா கத்தவில்லை. “ஒண்ணே ஒண்ணு சொல்லு டிராவிஸ். அன்னிக்குக் காலைல நான் என்ன பண்ணியிருக்கணும்?”

அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். “வீட்ல இருந்திருக்கணும்” என்றான் கடைசியில்.

“வீட்ல இருந்தா ஒரு பாயிண்ட்னு நீதானே சொன்ன?”

“ஆமா. அப்ப அது சரிதான்.”

“அப்ப வந்தது?”

“அதுவும் சரிதான்” என்றான் பாவி.

அவள் தலையை ஆட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவனோடு சண்டை போட ஒரு பிடியும் கிடைக்கவில்லை எங்களுக்கு.

வேறு காப்பீடு கைக்கு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் டுவேன் மாத்திரையைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டார், ராமோனாவுக்குத் தெரியாமல். செப்டம்பரில் கிட்னி நின்றுபோனது. மாத்திரை குறைந்ததால்தான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் அவரை மிஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். ராமோனாவிடம் கொடுக்க இன்னொன்று இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கேயும் பாயிண்ட் உண்டு, பெயர்தான் வேறே.

நான் சொல்லாமல் இருந்திருந்தால்? அன்று அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள், ஏழே முக்காலுக்கு எல்லாம் சரியாகியிருக்கும், டுவேன் வயிற்றில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஏழே முக்காலுக்கு லெவல் மாறும் என்று ஐந்து மணிக்கு எந்த மடையனுக்குத் தெரியும்? மாறாமல் போயிருந்தால், போகச் சொன்னதுதானே சரி? இப்படியே சுற்றிச் சுற்றி யோசித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டது எத்தனை நாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி பனி பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் முழங்கால் பனி. எங்கள் பக்கம் லெவல் இரண்டு, மூன்றாகலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

“கெயில், இல்லத்துல வரச் சொல்றாங்க. போகட்டுமா, வேண்டாமா?”

“என்னைக் கேக்காதடி. போன தடவ என்னைக் கேட்டுப் பட்டது போதாதா?”

அவளுக்குப் பின்னால் டுவேன் இருமுவது கேட்டது.

“உன்னைக் கேக்காம” என்றாள், “நான் வேற யாரைடி கேப்பேன்?”

போனை வைத்துவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று கதவைத் தட்டும்போதும் எனக்குத் தெரியவில்லை.