மைனர் கார் நிற்க ஒரு வளவு

பழைய கார் வைத்திருப்பதும் ஒரு தொழில்தான். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நக இடுக்கில் கிறீஸோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய், பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் விரல்களை மடக்கிக்கொண்டு உட்காருகிறீர்களே, உங்களுக்குத்தான். மற்றவர்கள் வாசித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கல்முனை பஸாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு சாய்ந்தமருது. வீடு என்றால் என் வீடு இல்லை, பெண்டாட்டியின் வீடு. எங்கள் கிழக்குக் கரையில் அதுதான் முறை. வீடும் அதைச் சுற்றியிருக்கிற வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆம்பிளை பிறந்தால் உம்மாவின் வீட்டில் இருப்பான், கலியாணம் முடித்தால் பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவான், மகள் வளர்ந்தால் அதே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக ஒதுங்குவான். எனக்கென்று சொந்தமாக இருப்பது ஒரு மொரிஸ் மைனர் கார். என்னைவிட வயதில் மூத்தது. கலியாணம் முடித்த புதிதில், ஓய்வுபெற்ற ஓர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவிடம் வாங்கினேன். அன்றிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸையும் தொட விட்டதில்லை, எல்லாம் என் கைவேலைதான்.

இப்போது அதற்கு ஆபத்து வந்தது. மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டை எழுதியாயிற்று. இளையவள் ஹஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அவளுக்கு வளவின் மிச்ச நிலத்தில் வீடு கட்ட வேண்டும். மிச்ச நிலத்தில் நிற்பது என் கார்க் கொட்டில். கொட்டிலுக்குள் கார், எஞ்சின் பிரித்துப்போட்டபடி கிடக்கிறது. என் பெண்டாட்டி நஸீமா ஒரு நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இஞ்சேருங்க, நோன்புப் பெருநாள் கழிஞ்ச கையோட மேசன் வாறார். அதுக்குள்ள உங்கட கார் தன்ட காலால கடப்படி வாசலத் தாண்டணும். இல்லெண்டா பழைய இரும்புக்காரன்ட லொறியில போகும்."

கண்ணாடியில் கைரேகை

அன்று காலையில் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கடைக்குப் போனேன். அட்டாளைச்சேனையில் இருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கண்ணில் ஒப்பரேசன் முடிந்து, புதுக் கண்ணாடி எடுக்க வந்தவர். நான் கண்ணாடியைத் துணியால் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டேன். வெளியே எட்டிப் பார்த்தார். "தம்பி, ரோட்டெல்லாம் புகையா இரிக்கி" என்றார்.

வாங்கித் திரும்பத் துடைத்தேன். புகை கூடிப்போயிற்று. ஒப்பரேசன் சரியாக வரவில்லையோ என்று எனக்கும் பயம் பிடித்தது. அப்போதுதான் துணியைப் பார்த்தேன். யா அல்லாஹ்! காலையில் காபரேட்டர் துடைத்த துணி, இடுப்புச் சாரன் மடிப்பில் இருந்து கடை வரைக்கும் என்னோடு கூடவே வந்திருக்கிறது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், என் விரல்களைப் பிடித்துத் தன் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், ஆறுதலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, என்ட கண்ணுல ஒரு பழுதும் இல்ல. உங்கட கையத்தான் ஒப்பரேசன் பண்ணணும்."

சம்மாந்துறை ரோட்டில் நெல்லு

இது பழைய கதை. பிள்ளைகள் இரண்டு பேரும் பின் சீட்டில் நித்திரையாகிற வயது. சம்மாந்துறையில் நஸீமாவின் சொந்தத்தில் ஒரு கலியாணம். காரைதீவுச் சந்தியால் உள்பக்கம் கிறுகி, இரண்டு பக்கமும் வயல் இருக்கிற ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அறுவடைக் காலம். ரோட்டின் பாதியில் படங்கு விரித்து நெல்லுக் காயப்போட்டிருந்தார்கள். வீரமுனைக்குக் கிட்டப் போகும்போது எஞ்சின் அடங்கி, கார் படங்கின் ஓரத்தில் உருண்டுபோய் நின்றது.

பெற்றோல் பம்ப்தான். மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பம்ப் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால்தான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நான் சாவியில் கையை வைத்துக்கொண்டிருப்பேன். நஸீமா இறங்கி, பொனட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, குதியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அன்றும் பட்டுச்சாறியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினாள். வெயில் முகத்தில் அடிக்க, 'டிக் டிக்' கேட்டதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் காரை நான் விடாமல் வைத்திருப்பதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். அவளிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை.

அதற்குள் வயல்காரர் ஒருவர் தலைப்பாவைக் கழற்றியபடி ஓடிவந்தார். உதவிக்குத்தான் வருகிறார் என்று நினைத்து சலாம் சொன்னேன். சலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டுக் குனிந்து காருக்குக் கீழே பார்த்தார். என் எஞ்சின் எண்ணெய் அவருடைய நெல்லில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் நெல்லக் காயப் போட்டிருக்கன். தாளிக்கப் போடல்ல."

புது ஹோர்ன்

கைவேலைக்காரனுக்குத் திருத்துவதோடு ஆசை அடங்காது. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான் கார் ஒன்றின் ஓல்டனேட்டரைப் பூட்டினேன். கொழும்புக்குப் போன நேரம் பஞ்சிகாவத்தை உதிரிச்சாமான் கடைகளில் அலைந்து லைட் வாங்கினேன். ரேடியோ இல்லாத காரில் போன் சார்ஜ் பண்ணவும் வழி செய்தேன். கடைசியாக ஹோர்ன். பழைய ஹோர்ன் சளி பிடித்த ஆடு மாதிரிக் கத்தும். பழைய சாமான் கடை ஒன்றில் நல்ல கனமான ஹோர்ன் கிடைத்தது. விற்றவர் "பாட்டு வரும்" என்றார். வரட்டுமே என்று பூட்டிவிட்டேன்.

பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குள் காரைத் திருப்பி, ஆசையோடு ஹோர்னை அமத்தினேன். ரொட்டி விற்க வருகிற பாண்கார ஆட்டோவின் பாட்டு! வீட்டுக்கு வீடு கடப்படி திறந்தது. கோப்பையோடும் சல்லிக் காசோடும் பெண்கள் வந்து நிற்கிறார்கள். நான் வெட்கத்தில் கையைப் பதறி எடுத்தால், பாட்டு நிற்கமாட்டேன் என்கிறது. மூலை வீட்டுப் பெரியம்மா மட்டும் நிதானமாக வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே என் குடையும் தொழுகைப் பாயும்தான் கிடந்தன.

"பாண் இல்லாட்டி என்னத்துக்கு மனே பாட்டு?"

மோதினார் மிதித்த பிறேக்

திரும்பவும் பெருநாள் கெடுவுக்கு வருகிறேன். நோன்பு மாதத்தில் எஞ்சினை ஒருவாறு பூட்டி முடித்தேன். அடுத்தது பிறேக். பிறேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், கீழே படுத்திருப்பவர் அந்த நேரத்தில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது மேலே இருப்பவர் காலை எடுத்தால், போன காற்றுத் திரும்ப உள்ளே வந்துவிடும். நஸீமா கொட்டில் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஹஸ்னா நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு மோதினார் உதவிக்கு வந்தார். எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்பவர், நல்ல மனுசன்.

"அமத்துங்க" என்பேன், மிதிப்பார். "விடுங்க" என்பேன், விடுவார். நல்லாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு சில்லில் கடைசிச் சில்லுக்கு வந்தோம். "அமத்துங்க" என்று சொல்லி நிப்பிளைத் திறந்தேன். பிறேக் எண்ணெய் வந்தது, பிறகு சர்ரென்று காற்று உள்ளே இழுபட்டது. "மோதினார், விடாதீங்க!" என்று கத்தினேன். சத்தமே இல்லை. தாடியில் எண்ணெய் சொட்டுகிறது. நோன்பு வாயோடு இன்னும் பலமாகக் கத்தினேன். அப்போது பள்ளி ஒலிபெருக்கியில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு, நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு கேட்டது. அது மோதினாரின் குரல்தான். ஊரே கஞ்சிக் கோப்பையோடு காத்திருக்க, அவருக்கு என் காரில் நேரம் போனதே தெரியவில்லை. ஞாபகம் வந்ததும் பாய்ந்து ஓடியிருக்கிறார். நான் காருக்குக் கீழே படுத்துக்கொண்டே நோன்பு திறக்கும் துஆவை ஓதினேன்.

இரவு தராவீஹ் தொழுகை முடிந்து கண்டபோது, அண்ணனைக் கூப்பிடுகிற 'காக்கா' முறை சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, கோவிக்காதீங்க. நீங்க கீழ கிடந்து கூப்பிட்டதுக்கு நான் ஒராள்கூட வரல்ல. நான் கூப்பிட்டதுக்கு ஊரே நோன்பு திறந்துட்டுது."

மிஞ்சிய நட்டு

எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு நட்டு மிஞ்சுமே, அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் மிஞ்சியது. காரைதீவில் இருக்கிற சிவம் மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். என்னைப் போலப் பழைய கார்ப் பைத்தியம். எங்கள் இரண்டு பேருக்கும் சிநேகிதம் உண்டானதே ஒரு காபரேட்டர் ஊசியைத் தேடிப் போன இடத்தில்தான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எறிஞ்சிடாத மச்சான். ஓடத் தொடங்கினாத்தான் அது எதுட நட்டெண்டு தெரியும்."

மேசன் வந்த நாள்

பெருநாள் போயிற்று. விடிய சுபஹ் தொழுதுவிட்டுக் கொட்டிலுக்குள் போனேன். பற்றரியை நம்பாமல் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். இருமியது, துப்பியது, அடங்கியது. பிஸ்மி சொல்லித் திரும்பச் சுற்றினேன். கொட்டில் முழுக்கப் புகை. புகைக்குள்ளால் அந்த எஞ்சின் சத்தம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்! குசினி வாசலில் நஸீமா நின்றாள். கார் நகரும் மட்டும் உள்ளே போகவில்லை. கார் தன் காலால் கடப்படியைத் தாண்டியது.

தாண்டியதும்தான் உறைத்தது. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இத்தனை நாளும் ஓட வைப்பதிலேயே குறியாக இருந்தேனே தவிர, நிற்க ஒரு இடம் வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. உம்மாவின் வீட்டுக்குப் போனேன். அது இப்போது தங்கச்சியின் வீடு. அவளுடைய மருமகனின் ஆட்டோவும் மீன் பெட்டிகளும் வளவை நிறைத்திருந்தன. தங்கச்சி பாவம், "காக்கா, எங்க விடுற?" என்று கையைப் பிசைந்தாள். நேரே காரைதீவுக்கு விட்டேன்.

சிவம் மாஸ்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். கண்ணெல்லாம் மினுங்கியது. "இஞ்ச கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டட்டா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "இது அவட வளவு மச்சான். கேட்டுப் பாக்கிறன்" என்று உள்ளே பெண்டாட்டியிடம் போனார். அவர்கள் பக்கத்திலும் எங்கள் முறைதான், வீடு பெண்ணுக்குத்தான். கனநேரம் கழித்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வெளியே வந்தார்.

"தேத்தண்ணிக்கு ஓம் எண்டுட்டா. காருக்கு இல்ல எண்டுட்டா."

திரும்பி வரும்போது சாய்ந்தமருதுக் கடற்கரையில் காரை நிறுத்திக்கொண்டு இருந்தேன். அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. இந்தக் காரில்தான் இரண்டு பிள்ளைகளையும் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொத்துவிலுக்கு, மட்டக்களப்புக்கு என்று நால்வரும் பாடிக்கொண்டு போவோம். ஒரு சொந்தமும் என்னை 'இது உங்களுடையதா' என்று கேட்காத பொருள் இது ஒன்றுதான். கடைசியில் இரும்புக்காரருக்குப் போன் எடுத்து, "பின்னேரம் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். கொட்டிலைப் பிரித்துப் போட்டுவிட்டு, மேசன் கயிறு பிடித்து மூலை குறித்துக்கொண்டிருந்தார். ஹஸ்னா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மேசன் என்னைக் கண்டதும் முறைப்பாட்டைத் தொடங்கினார்: "பாருங்க ஹாஜியார், புள்ள முன்னறைய ஒடுக்கிப் போர்ட்டிக்கோவப் பெருப்பிக்கச் சொல்லுது. கொட்டில் இருந்த அதே இடத்துல."

நான் ஹஸ்னாவைப் பார்த்தேன்.

"வாப்பா, இந்த வூடு ஆர்ட பேருல?" என்றாள்.

"உன்ட பேருலதான் புள்ள."

"அப்ப எங்க அறை, எங்க போர்ட்டிக்கோ எண்டு நான்தானே சொல்லணும். கார உள்ள எடுங்க. வூடு எழும்பும் மட்டும் படங்கு போட்டு மூடி அந்த ஓரத்துல நிக்கட்டும்."

"மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன். நஸீமாவும் அதைத்தான் கேட்க வாயெடுத்தாள்.

"அவர்ட்ட என்னத்துக்குக் கேக்கிற? அவரும் இஞ்ச வந்து இருக்கப் போறவர்தானே!"

இரும்புக்காரரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு இடம் தந்தது பெண்டாட்டி, காருக்கு இடம் தந்தது மகள், இனி நானும் காரும் செய்ய வேண்டிய வேலை, காட்டின மூலையில் சத்தம் போடாமல் நிற்பதுதான்.