இடிகல்லுக்குக் கலைஞர் யார்?

பாறையில் வெடி வைக்க ஐந்து துளை போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே மண் விழாமலிருக்கக் கந்தல் துணியைத் திரித்துச் செருகி வைத்திருந்தார்கள். மறுநாள் சந்தை. சந்தையன்று காலை கீழே நகரத்திலிருந்து வாரியத்து ஆட்கள் வந்து, இந்த இடம்தான் என்று சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் மத்தியானத்துக்குள் அங்கே பாறை இருக்காது. அதே நாள் உச்சி வேளைக்கு ஒருவர் அந்தப் பாறைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது வருடமாகத் தன் அக்காவோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் மலை மேல் ஜமுனாமரத்தூரில் சர்க்கார் ஆபீசு வாசலில், ஒரு மரப்பெட்டியை முன்னால் போட்டுக்கொண்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்துப் படித்தே எழுதப் பழகினேன். மனு கொண்டு வருகிறவர்கள் சொல்வதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதிவிடுவது என் கெட்ட பழக்கம். பட்டா கேட்டு வந்த ஒருவர், "என் நெலமே என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்குது சார்" என்றார். அப்படியே எழுதினேன். அதிகாரி சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். எனக்கு அதில் வருத்தமில்லை. எத்தனை முறை அடித்தாலும் அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

பாறை என்றால் பெரிய மலைப்பாறை இல்லை. மாட்டு வண்டி ஒன்று ஏறி நிற்கலாம், அவ்வளவுதான். தட்டையான பாறை. அதன் மேல் சிறிதும் பெரிதுமாக முப்பதுக்கு மேல் குழிகள். எல்லாம் உலக்கை விழுந்து தேய்ந்தவை. மலைக்காரர்கள் இடிகல்லு என்பார்கள். சண்டை போட்ட இரண்டு பேர் சமாதானமாக வேண்டும் என்றால், புதுச் சாமை வந்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டு வருவார்கள். ஒரே குழியில் போட்டு, ஒரே உலக்கையால் மாற்றி மாற்றி இடிக்க வேண்டும். உமி பிரியும் வரை யாரும் பேசக்கூடாது. பிறகு உமியை ஊதிவிட்டு ஆளுக்கு ஒரு சிட்டிகை பச்சை அரிசியை வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அதற்கப்புறம் அந்தச் சண்டையை யாரும் எடுக்கக்கூடாது. போலீசு, கோர்ட்டு எல்லாம் இதற்குக் கீழேதான்.

அந்த அக்கா புளி உலுக்கி விற்கிறவர். புருஷன் இல்லை. மகளைப் படவேட்டில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: தாய்மாமன் வந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். "மாமன் இருந்தும் வராத வூட்டுல பொண்ணு எடுத்தா நாளைக்கு எங்களை ஊரு இன்னா கேக்கும்?" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. தம்பியிடம் ஆள் மேல் ஆள் போனது. கடைசியில் அவர், "சந்தையன்னிக்கு உச்சியில இடிகல்லுக்கு வர்றேன். வேற எங்கியும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அக்காளுக்கும் தம்பிக்கும் என்ன சண்டை என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

இப்போது வாரியத்தின் கதை. மலைக்கு ஒரு பஸ் நிலையம் வந்தது. அதைக் கட்டும் பொறுப்பு கீழே இருந்த நகர வாரியத்திடம் இருந்தது. அந்த வாரியம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது: எந்தக் கட்டடம் கட்டினாலும் அதன் செலவில் நூற்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் பார்க்கிற கலைப் பொருளுக்கு ஒதுக்க வேண்டும். நல்ல விதிதான். பஸ் நிலையத்துக்குக் குடம் தூக்கிய பெண் ஒருத்தியின் சிமெண்டுச் சிலை என்று முடிவாகியிருந்தது. சிலை நிற்க மேடை வேண்டும். மேடைக்கு இடம் பார்த்த கண்டிராக்டர் நேராக இடிகல்லில் கை வைத்தார்.

ஆபீசுச் சுவரில் ஒட்டியிருந்த அந்த விதியைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் இப்படி ஒரு வரி இருந்தது: கட்டும் இடத்தில் ஏற்கெனவே கலைப்படைப்பு ஏதும் இருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும், ஒதுக்கிய தொகை அதற்கே போகும். கலைப்படைப்பு என்றால் என்ன என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு கலைஞரால் உண்டாக்கப்பட்டது, பொது இடத்தில் இருப்பது, நிலைத்து நிற்பது.

பிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். படிவம் வாங்கினேன். இடம், அளவு, பொருள் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம், 'கலைஞர் பெயர்'. அங்கே பேனா நின்றது. காலியாக விட்டால் படிவம் தள்ளுபடி. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன், "யாராவது ஒருத்தர் பேரு வேணுமே, யாருது பெரிய குழி?"

அவர் மகளின் கல்யாணப் பயத்தில் அழுதுகொண்டிருந்தார். "அந்த நடுக்குழியில எங்கப்பன்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அழுகையில்தான் பேச்சு நின்றது என்று நினைத்தேன். அவருடைய அப்பா பெயர் எனக்குத் தெரியும், எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'மறைவு' என்றும் எழுதினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டவும் இல்லை.

மலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். இடித்த பிறகு சண்டையை எடுக்கக்கூடாது என்று தெரிந்தவன். ஆனால் எந்தக் குழியில் யார் இடித்தார் என்று பெயரையும் எடுக்கக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால் அந்தப் பழைய சண்டை மறுபடி உயிரோடு எழுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

சந்தையன்று பத்து மணிக்கு ஜீப் வந்தது. வாரியத் தலைவர் ஒரு அதிகாரி, கையில் குடை. கூடவே வாணியம்பாடியில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாய், உறுப்பினர். கண்டிராக்டர் சுண்ணாம்புப் பெட்டியோடு தயாராக நின்றார். நான் படிவத்தை நீட்டினேன். தலைவர் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் குறித்திருந்த இடத்தைப் பார்க்கப் போய்விட்டார். பதினொன்று ஆனது. வெடிக்காரர் சிவப்புத் துணி கட்டிய கம்பை ரோட்டில் நட்டார். அக்கா மடியில் சாமையை முடிந்துகொண்டு பாறையோரம் உட்கார்ந்திருந்தார். உலக்கை பக்கத்தில் கிடந்தது.

தலைவர் திரும்பி வந்து பாறை மேல் நின்றுகொண்டு படிவத்தைப் பிரித்தபோது சந்தைக்கூட்டம் முழுவதும் சுற்றிலும் கூடிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பியும் வந்து சேர்ந்தார். சொன்ன நேரத்துக்கு, கையில் சாமையோடு. அக்கா எழுந்து நின்றார்.

"கலைஞர் பெயர்," என்று தலைவர் உரக்க வாசித்தார். அடுத்து அந்தப் பெயரை வாசித்தார்.

தம்பியின் கால் நின்ற இடத்திலேயே நின்றது.

"எங்கப்பன் பேரை இங்க எடுத்தது யாரு?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சாமையை வேட்டி முனையில் போட்டு முடிந்தார். மலைப்பாதை பக்கமாகத் திரும்பி நடந்தார்.

"இன்னாப்பா இது?" என்றார் தலைவர். "இந்தக் கலைஞர் யாரு, இன்னா தொழில்?"

"கலைஞரும் இல்ல ஒண்ணும் இல்ல சார்," என்றார் கண்டிராக்டர். "சாமை குத்துற கல்லு. எங்க வூட்டு ஆட்டுக்கல்லைக்கூட கலைன்னுதான் சொல்லணும். வட்டம் போட்ரட்டுமா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் பக்கம் வந்தார். கத்தவில்லை. "மனுக்காரரே, எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டைதான் இருந்துச்சு. நீங்க இன்னொண்ணு சேத்துக் குடுத்துட்டீங்க. அதை நீங்களே போய்த் தீத்துட்டு வாங்க."

ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. நாவல் மரத்துத் திருப்பத்தில்தான் அவரைப் பிடித்தேன்.

"அண்ணா, நில்லுண்ணா. உங்க அக்கா வாய் தவறிச் சொன்னது. காயிதத்துல போட்டது நானு."

"வாய் தவறினது காத்தோட போய்டும். நீ எழுதுனது போவுமா?"

செருப்பில்லாத காலை மாற்றி வைத்தேன். அவர் விடவில்லை.

"எழுதத் தெரியும்னா எதை வேணா எழுதுவியா?"

"தெரியாம எழுதிட்டேன்."

"தெரியாததை இன்னாத்துக்கு எழுதுன?"

மூச்சு வாங்க நின்றேன். கீழே ஜீப் ஹாரன் அடித்தது. வட்டம் போட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ உனக்கும் எனக்கும் சண்டை."

"ஆமாண்ணா. சண்டைதான்."

"பெரிய சண்டை."

"பெரிய சண்டைதான்."

"அப்போ கல்லுக்கு வா," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கினார்.

நாங்கள் வந்தபோது கண்டிராக்டர் பாதி வட்டம் போட்டிருந்தார். தலைவர் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். தம்பி யாரையும் பார்க்கவில்லை. பாறையில் ஏறி, நடுக்குழியை விட்டு ஓரத்தில் ஆழமில்லாத ஒரு குழியாகப் பார்த்து முடிச்சை அவிழ்த்துத் தன் சாமையில் பாதியைப் போட்டார். என்னிடம் சாமை ஏது? சந்தையில் மூட்டை போட்டிருந்த ஒருவர் ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் திணித்தார். "போடு போடு, திருப்பிக் கேக்கமாட்டேன்," என்றார்.

இடித்தோம். அவர் ஒரு குத்து, நான் ஒரு குத்து. உலக்கை மேலே போகும்போதே அடுத்தவன் வாங்க வேண்டும். கீழே விழுந்தால் அன்றைக்குச் சமாதானம் கிடையாது. பேனா பிடித்த கை. பத்தாவது குத்திலேயே உள்ளங்கை எரிந்தது. ஒரு தரம் உலக்கை என் பிடியில் வழுக்கியது. கூட்டம் முழுவதும் மூச்சை இழுத்தது என் காதில் விழுந்தது. அவர் இடது கையால் தாங்கிக்கொண்டார். கண்டிராக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாய் கையை உயர்த்தி அடக்கினார். அவர் எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையோரம் குந்தியிருந்தார். தலைவர் ஜீப்பிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

உமி பிரிந்தது. தம்பி குனிந்து ஊதினார். ஒரு சிட்டிகை அவர் வாயில் போட்டுக்கொண்டார், ஒரு சிட்டிகை நான். பச்சை அரிசி, மண் வாசனையோடு பல்லில் ஒட்டியது. நான் இறங்கினேன்.

அவர் இறங்கவில்லை. உலக்கையைப் பிடித்தபடி நின்றார். முடிச்சில் மீதியிருந்த சாமையைக் குழியில் போட்டார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, உலக்கையை மட்டும் அக்கா இருந்த பக்கம் நீட்டினார்.

அக்கா மடியை அவிழ்த்தார். அவிழ்த்த வேகத்தில் பாதிச் சாமை பாறையில் சிந்தியது. அதையும் கூட்டிக் குழியில் தள்ளினார். முதல் குத்து அவருடையது. தம்பி குத்தும் சத்தமும் அக்கா குத்தும் சத்தமும் முதலில் வேறு வேறாகக் கேட்டன. கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் அரிசியை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி. ஆனா கலைஞர் இல்லாம கலைப்படைப்புன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

பாய் படிவத்தை வாங்கினார். நான் எழுதிய பெயரின் மேல் பேனாவை முன்னும் பின்னுமாக ஓட்டி, ஒரு எழுத்துகூடத் தெரியாமல் அடித்தார். பிறகு என்னவோ எழுதினார்.

"இன்னா பாய் எழுதறீங்க?"

"நாம இப்பப் பாத்துக்கினுதானே இருந்தோம் தலைவரே. குழி இன்னும் தேஞ்சிக்கினே கீது. முடியாத வேலைக்கு யாரு பேரைப் போடறது?"

தலைவர் வாங்கிப் படித்தார். கலைஞர் பெயர் என்ற கட்டத்தில், 'பணி நடைபெற்று வருகிறது' என்று எழுதியிருந்தது. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்ததை நான் பார்த்தேன். அது அவருக்குப் பழக்கப்பட்ட வார்த்தை. அந்த வார்த்தையின் கீழே எத்தனையோ கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பாறை மேலேயே படிவத்தை வைத்து, குனிந்து கையெழுத்துப் போட்டார்.

குடம் தூக்கிய பெண் மலைக்கு வரவே இல்லை. அவளுக்கென்று ஒதுக்கிய தொகையில் பாறைக்கு ஏற இரண்டு படியும், குழிகளில் மழைத்தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு வாய்க்காலும் கட்டினார்கள். பஸ் நிலையம் கொஞ்சம் தள்ளிப் போனது. வெடிக்குப் போட்ட ஐந்து துளைகளையும் கண்டிராக்டரே சிமெண்டு வைத்து அடைத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான். வாரியத்திலிருந்து வருடா வருடம் ஒரு கடிதம் வரும், பணி முடிந்ததா என்று கேட்டு. அதற்கும் நான்தான் பதில் எழுதினேன். பதில் எப்போதும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் தம்பி என் பெட்டிக்கு முன்னால் வந்து குந்தினார். பின்னால் கொஞ்சம் தள்ளி அக்கா.

"மாப்பிள்ளை வூட்டுக்கு ஒரு கடுதாசி எழுது. தாய்மாமன் வர்றான்னு."

எழுதினேன். முடிவில் பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

"இன்னா முழிக்கிற? இதுல என் பேரை எழுதலாம். எழுது."

எழுதினேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசா," என்றார் அக்கா.