மருந்தடிக்கும் பம்பும் போலீஸ் ஜீப்பும்

சேலத்தில் ஒரு மைதானத்தில் பழைய போலீஸ் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் கண்காட்சி வைத்திருந்தார்கள். எங்கள் மலையில் ஓடிய ஜீப்பும் மாலை போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு பலகை: பழுதே இல்லாமல் மலைமக்களுக்குச் சேவை செய்த வாகனமாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மெக்கானிக் நான். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். அந்த ஜீப்பின் பழுதில்தான் என் பிள்ளைகள் சோறு தின்று வளர்ந்தார்கள்.

சேர்வராயன் மலையில் போலீஸ் வண்டிகளின் வரலாறு என்று யாராவது எழுதினால் அது பெயிண்டின் வரலாறாகத்தான் இருக்கும். சுதந்திரம் வந்து வெகுகாலம் எங்கள் ஸ்டேஷனுக்கு வண்டியே கிடையாது. எஸ்டேட் ஜீப்பை இரவல் கேட்டுத் திருடனைப் பிடிக்கப் போவார்கள். அதற்குள் அவன் தலைச்சோலைக் கிராமத்திலிருந்து நடந்தே வந்து சேலம் பஸ் ஏறியிருப்பான். பிறகு பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்று வந்தது. பச்சைக்கு மேல் நீலம் அடித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு மழையில் நீலம் உரிந்து பட்டாளம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் ஒரு மூடுவண்டி. கதவைக் கயிறு போட்டுக் கட்டினால்தான் கைதி உள்ளே இருப்பான். மூன்றாவதாக வந்தது இந்த ஜீப். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் எழுத மாட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பயம்தான்.

அப்போது என் ஒர்க்‌ஷாப் என்பது ரோட்டோரப் புறம்போக்கில் நாலு தகரம். போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால் தகரம் இருக்காது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். காக்கியைக் கண்டால் கேட்கவா வேண்டும்!

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா ஸ்டேஷன் வண்டிகளும் சேலத்துக்கு இறங்க வேண்டும். எஸ்.பி. பார்வையிடுவார். நல்ல பராமரிப்புக்கு ஒரு கோப்பை உண்டு. பராமரிப்பு என்றால் எங்கள் எஸ்.ஐ.க்குத் தெரிந்தது பளபளப்பு. அந்த வருஷம் சக்கரத்து நட்டுகளுக்குக்கூடச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? காப்பிச் செடிக்கு மருந்தடிக்கும் பம்பு ஒன்றை எஸ்டேட்டிலிருந்து வாங்கிவந்து, பழைய ஆயிலில் மண்ணெண்ணெயைக் கலந்து, வண்டியின் அடிவயிறு, சக்கரம் முழுக்கப் பீய்ச்சச் சொன்னார். டயர் கறுப்பாக மின்னுமாம்.

மின்னியது. ஆனால் சக்கரத்துக்கு உள்ளே டிரம், டிரம்முக்குள் பிரேக் கட்டை. இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூச்சியையே தேடிப் போகிற பம்புக்கு டிரம் இடுக்கில் புகத் தெரியாதா? கட்டையில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். கீழே போக இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

பயந்துகொண்டே ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஏனுங் பாய், எஸ்.பி. என்ன வண்டிக்கு அடியில படுத்து பிரேக்கையா பாக்கப்போறாரு? பளபளன்னு இருக்குதான்னு பாப்பாரு. போயி பஞ்சர் ஒட்டுங்க."

வண்டி ஓட்டுகிற கான்ஸ்டபிள் வாழவந்திக்காரர். இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் கோப்பை கிடைத்தால் ஏட்டாக ஆகிவிடலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் நம்பியிருந்தார். மறுநாள் விடிந்ததும், சேலத்துக்குக் கிளம்புமுன் காற்றுப் பிடிக்க ஜீப்பைக் கொண்டுவந்தார்.

"பஜாருக்குள்ள நல்லாத்தான் நிக்குது பாய். நீங்க நொம்ப பயப்படறீங்க. இருவது வளைவும் எனக்கு அத்துபடி."

"உங்களுக்கு அத்துபடிங்க. பிரேக்குக்கும் தெரியோணுமே."

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். நான் என்ன நினைத்தேனோ, முன்சக்கரத்துக்கு ஜாக்கி போட்டு நட்டைக் கழற்றிவிட்டேன். திரும்பி வந்தவர் கத்தினார்.

"யோவ் பாய்! பெயிண்டு! பெயிண்டு போச்சுய்யா! எம்பொழப்பக் கெடுத்துப்போட்டியே!"

டிரம்மை உருவி, பிரேக் கட்டையைத் தொட்டு, என் விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். மண்ணெண்ணெய் வாடை. விரலிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. அவர் குனிந்து தானும் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"சீக்கிரம் கழுவுங்க."

பெட்ரோல் ஊற்றிக் கழுவி, கட்டைகளைத் தீயில் வாட்டி மாட்டினோம். முன்சக்கரம் இரண்டுக்குத்தான் நேரம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே சாவதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். முதல் கியரிலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஒரு வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரை உரசாமல் நின்றது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மைதானத்தில் எஸ்.பி. வந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்து, அழுக்கில்லாத கைக்குட்டையைப் பார்த்துத் திருப்தியானார். குனிந்தார். பெயிண்ட் உதிர்ந்த நட்டுகள் கண்ணில் பட்டன.

"என்னய்யா இது?"

பிரேக் சரிபார்த்தோம் என்று சொன்னால், ஏன் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி எஸ்.ஐ. வரை போகும். டிரைவர் விறைப்பாக நின்றார். வாய் திறக்கவில்லை. ஒரு மெமோ கிடைத்தது. கோப்பையை வாங்கிய சமவெளி ஸ்டேஷன் ஜீப்பை நாலு கான்ஸ்டபிள்கள் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியதை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்ஜின் ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

மேலே ஏறும்போது அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். என்னால்தான் அவர் ஏட்டு ஆகாமல் போனார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவரைப் பிழைக்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நடக்காத விபத்துக்கு யார் சாட்சி சொல்வார்கள்?

மறுநாள் காலை அவர் நடந்தே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். தகரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"வீல் ஸ்பேனரக் குடுங்க பாய். பின்சக்கரம் ரெண்டும் பாக்கி இருக்குதில்ல?"

"வண்டிய இங்க கொண்டாரலாமுங்களே..."

"வுட மாட்டேங்கறாங்க. பெயிண்டர் வந்திருக்கறானாமா."

பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். ஸ்டேஷன் வாசலில் ஜீப் நின்றது. முன்சக்கரத்தருகே பெயிண்டர் குந்தி உட்கார்ந்து, நாங்கள் உரித்த நட்டுகளுக்குச் சிவப்படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஸ்.ஐ. இடுப்பில் கை வைத்து, விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்து, முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.