கட்டத்தில் அடங்காத குறிப்பு

அலுவலகத்தில் அவருக்குக் கட்டக்காரர் என்றுதான் பெயர். பொதுக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளைக் கவனிக்கும் துறையில், ஆண்டறிக்கைக்கு அட்டவணை போடுவது அவர் வேலை. மெக்கானிக்குகள் தரும் விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக வந்து சேரும். ஒவ்வொரு தகவலுக்கும், அது இன்னதென்று சொல்ல, முன்னால் ஒரு டேக், பின்னால் ஒரு டேக். எந்த டேக் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும், கோடு எவ்வளவு தடிமன் என்று அவர் கட்டளை எழுதி வைத்திருப்பார். ஒரு தட்டு தட்டினால் அச்சுக்குத் தயாராகப் பக்கங்கள் வந்து நிற்கும். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஓட்டலுக்குப் போனால்கூட, மெனு அட்டையில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பசியே எடுக்கும்.

அந்த வருடம் ஒரே ஒரு வரிசை அவரைப் படுத்தி எடுத்தது. ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் எல்லோரும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் அதற்கு விரற்கடை அகலம்தான் கொடுத்திருந்தார். ஒரு மெக்கானிக் மட்டும் அதில் எழுதித் தள்ளியிருந்தார். வரிக்கு ஒரு சொல்லாக அது நான்கு பக்கத்துக்குத் தொங்கியது. பக்கத்துக் கட்டங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. எழுத்தைச் சுருக்கினார், சொல்லை உடைத்தார், ஓரத்தை இழுத்துப் பார்த்தார். வாரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கத்தி பாதியில் நின்றது.

“இது உங்க ஆபீஸ் லிஃப்ட்தானே?”

“எது?”

“இதுல எழுதியிருக்கிறதுங்க. ‘கம்பிவடம் தேஞ்சுபோச்சு. வருஷா வருஷம் சரியில்லைன்னு ஒரு வார்த்தை எழுதினேன், யாரும் கேக்கல. அதான் இப்ப விவரமா எழுதறேன். படிக்கிறவங்க ஒரு போன் பண்ணுங்க’ன்னு கெஞ்சியிருக்காரு. நீங்க படிக்கவே இல்லையா?”

“நான் அகலத்தைத்தான் பார்த்தேன்.”

“நல்லாப் பார்த்தீங்க! தினமும் அதுலதானே மேல போறீங்க?”

கட்டக்காரர் தாள்களில் மெக்கானிக்கின் போன் எண்ணைத் தேடி எடுத்தார். மறுநாள் காலை மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

“நிஜமாவே படிச்சீங்களா சார்?” என்றார் மெக்கானிக்.

“என் வீட்டுக்காரி படிச்சா,” என்றார் கூச்சத்தோடு.

“யார் படிச்சா என்ன சார்! இயக்குநர் சரின்னு சொல்லிட்டா வடத்தை மாத்திடலாம்.”

தாள்களைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் நான்கு பக்கத்தையும் தூக்கிப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னய்யா இது, பல்லி வால் மாதிரித் தொங்குது? அந்தக் கட்டத்தையே எடுத்துடு.”

“சார், நம்ம லிஃப்ட்...”

“லிஃப்ட்டைப் பராமரிப்புப் பிரிவு பார்த்துக்கும். நீ அட்டவணையைப் பாரு.”

கட்டக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தாலும் அவருக்குத் தெரிந்தது அட்டவணை ஒன்றுதான். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தனிக் கட்டளை எழுதினார்: தனிப் பக்கம், குறிப்புக்கு முழு அகலம், கொட்டை எழுத்து, சுற்றிலும் தடித்த கோடு. இனி கண்ணில் படாமல் போகுமா?

பட்டது. “அடேங்கப்பா! இப்பத்தான்யா பார்க்க லட்சணமா இருக்கு!” என்று இயக்குநர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அறிக்கை அச்சாகி, சிறந்த வடிவமைப்புக்கான பரிசும் வாங்கியது. பாராட்டுப் பெற்ற அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார் இயக்குநர்.

லிஃப்ட்டுக்குக் காத்து நிற்பவர்களுக்கு வேறென்ன வேலை? படித்தார்கள். படித்து முடித்ததும் சத்தமில்லாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஊழியர்களுக்கு உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது என்று இயக்குநர் கூட்டத்தில் மகிழ்ந்து பேசினார்.

ஒருநாள் அவர் தனியாக லிஃப்ட்டில் ஏறப்போனதைப் பார்த்துக் கட்டக்காரர் பதறி ஓடினார்.

“சார், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிச்சுட்டு ஏறுங்க!”

“அதை எதுக்குய்யா படிக்கணும்? கையெழுத்துப் போட்டதே நான்தானே!”

கதவு மூடிக்கொண்டது.