குறையில்லை என்ற பதில்

சென்ற வெள்ளிக்கிழமை கற்பிட்டிக்குப் போயிருந்தேன். சாச்சியின், அதாவது என் சின்னம்மாவின், மகள் பரீதா வீட்டில் பகல் சாப்பாடு. என்னைவிட வயதில் சிறியவள். ராத்தா, ராத்தா என்று என்மேல் உயிரையே விடுவாள்.

அவளுடைய கணவர் நிஸாம் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். போய்ப் பல வருடங்களாகிவிட்டன. லீவில் வருவார்... பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். வெங்காயத் தோட்டம், தண்ணீர் மோட்டர், கூலியாட்கள், இரண்டு பெண் பிள்ளைகள் — எல்லாம் பரீதா தலையில்.

சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தாள். "ராத்தா, ஞாயித்துக்கிழம அவர் அங்கயே இன்னும் ரெண்டு வருச வேலைக்கு சைன் வெக்கப் போறாராம்."

"உனக்கு விருப்பமா?"

பிசைந்த கை அப்படியே நின்றது. "இல்ல ராத்தா. போதும் எண்டு இருக்கு. அவர் வந்தா தோட்டத்த ரெண்டு பேருமாப் பாப்போம். கஞ்சியக் குடிச்சாலும் ஒண்டா இருந்து குடிக்கலாம்."

"அவரிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்ற? டைல்ஸ் போட்ட வீடு கட்டித் தந்திருக்கார். பிள்ளைகள் நல்லாப் படிக்குதுகள். இதுக்கு மேல வாயத் திறந்தா நான் நன்றி கெட்டவளாகிட மாட்டேனா?"



எங்கள் பக்கத்தில் யாரிடமாவது சுகம் விசாரித்துப் பாருங்கள். பல்வலியில் கன்னம் வீங்கியிருக்கும் — "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்!" சைக்கிளில் இருந்து விழுந்து முழங்கால் தோல் உரிந்திருக்கும் — "அல்ஹம்துலில்லாஹ்!" எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று அர்த்தம். நல்ல பழக்கம்தான். காலை முறிக்காமல் காப்பாற்றியவனைப் புகழத்தானே வேண்டும்? ஆனால் மருந்து கட்டுகிறவரிடமும் அதையே சொல்லிவிட்டு எழும்பி வந்தால் எப்படி?

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நிஸாம் எடுப்பது வழக்கம். பரீதாவின் கையெல்லாம் சோறும் மீன் ஆணமும். இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படி புள்ள? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு குறையும் இல்ல."

"அப்ப சரி. ஞாயித்துக்கிழம சைன் வெச்சிடுறேன்."

எனக்கு வந்ததே கோபம்! மேசைக்கடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

தொழுதுவிட்டுக் கை ஏந்தும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் புகழ்கிறோம். பிறகு... கேட்கிறோம்! அதே வாயால்தான். படைத்தவனிடமே கேட்கலாம் என்றால், கட்டிய கணவரிடம் கேட்பது மட்டும் எப்படி நன்றிகேடாகும்? அதுவும் அல்லாஹ் மனதில் உள்ளதை அறிவான். நிஸாம் பாவம், ஒரு லொறி டிரைவர். வாயால் சொன்னால்தானே அவருக்கு விளங்கும்?

பரீதா ஃபோனைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க... அல்லாஹ் தந்தது நிறைய. நீங்க தந்ததும் நிறைய. ஆனா இனியும் இப்படியே தனிய இருக்க எனக்கு ஏலாது. சைன் வெக்காதீங்க. வந்திருங்க."

 

"நீ ஒரு நாளும் சொல்லல்லயே..." என்றார் நிஸாம். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கேட்டனே புள்ள!"

"ஓம்... கேட்டீங்கதான்." பரீதா சற்று யோசித்தாள். "நீங்க அங்க எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ்" — பட்டென்று வந்தது பதில்.

"அது அல்லாஹ்வுக்கு. எனக்கு உள்ளதச் சொல்லுங்க."

நிஸாம் சொல்லத் தொடங்கினார். முதலில் முதுகுவலி. பிறகு பிள்ளைகள் வளர்வதைப் படத்தில் மட்டுமே பார்க்கிற கவலை... நான் என் சோற்றுக் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் குசினிக்குப் போய்விட்டேன். கணவன் மனைவி கதைக்கு நடுவில் எனக்கென்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை அவர் கையெழுத்து வைக்கவில்லை.

தோட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் ஓடுமா? வெங்காய விலை காலை வாரிவிடாதா? எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்ன... இனி ஒரே கூரையின் கீழ் இருந்து பயப்படலாமே!